திரையில் ஒரு பிரெட்போர்டு: சிமுலேட்டருக்குள் என்ன நடக்கிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும். எஞ்சின், டைனமோ, வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ். என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். பள்ளிக்கூட லீவும் அதே சமயத்தில் வருவதால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் மேல் ஆசை நிறையப் பேருக்கு அங்கேதான் பிறக்கிறது. அப்புறம் ஒரு கேள்வியோடு வருவார்கள்: "சாமான் எதுவும் வாங்காமல் கம்ப்யூட்டரிலேயே சர்க்யூட் போட்டுப் பழகலாமாமே, அது சரிப்படுமா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. படகில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணன்மார், "அது வீடியோ கேம் தம்பி, கையில் நாலு தடவை சூடு பட்டால்தான் தொழில் வரும்" என்பார்கள். கல்லூரி முடித்த பையன்களோ, "இப்போ எல்லாம் ஆன்லைனிலேயே முடிச்சிரலாம், எதுக்கு வீண் செலவு" என்பார்கள். இரண்டு பேருமே அதற்கான சிமுலேட்டர் மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமல்தான் பேசுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டால் எந்த இடத்தில் அதை நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பது தானாகவே தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. முன்பின் எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் படிக்கலாம்.

அசல் பிரெட்போர்டு எப்படி இருக்கும்?

பிரெட்போர்டு என்பது ஓட்டை ஓட்டையாக உள்ள ஒரு பிளாஸ்டிக் பலகை. ஓட்டைகளுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் செருகும் ஐ.சி.களின் (பல பாகங்களை உள்ளடக்கிய சிறு சில்லுகளின்) கால்கள் இருக்கும் இடைவெளியும் அதுதான். உதிரிப்பாகத்தின் காலை ஓட்டையில் செருகினால் அடியில் உள்ள ஸ்பிரிங் தகடு அதைக் கவ்விக்கொள்ளும். ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேண்டாம். தப்பாகிவிட்டால் பிடுங்கி வேறு இடத்தில் செருகலாம்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது ஓட்டைகளுக்கு அடியில் உள்ள இணைப்பில்தான். குறுக்கு வரிசையில் உள்ள 5 ஓட்டைகளுக்கும் அடியில் ஒரே தகடு ஓடுகிறது. ஆகவே அந்த ஐந்தில் எதில் செருகினாலும் ஒன்றுதான். பலகையின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு இந்தப் பக்கத் தகடும் அந்தப் பக்கத் தகடும் தொடாது. ஐ.சி.யைப் பள்ளத்தின் மேல் கால் அகட்டி உட்கார வைப்பது அதற்காகத்தான். இரு ஓரங்களிலும் சிவப்புக் கோடும் நீலக் கோடும் போட்ட நீள வரிசைகள் இருக்கும். பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டையும் பலகை முழுக்கக் கொண்டுபோக அவை உதவும்.

இதே பலகையை, உதிரிப்பாகங்களை, கம்பிகளைத் திரையில் வரைந்து, இணைத்தால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளுக்குத்தான் சிமுலேட்டர் என்று பெயர். இதில் 'வரைந்து' என்பதைவிடக் 'கணக்கிட்டு' என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் கொஞ்ச நேரம் உப்பளத்துக்குப் போக வேண்டும்.

உப்பளமும் சர்க்யூட்டும்

மாரியூர், வாலிநோக்கம் பக்கம் போனவர்கள் உப்பளம் பார்த்திருப்பார்கள். வரப்பு கட்டிய பாத்திகள், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் போக மடைகள். வெயிலில் ஆவியாவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் ஓடுவதை மட்டும் பார்ப்போம்.

ஒரு பாத்தியில் எந்த மூலையில் குச்சியை நட்டுப் பார்த்தாலும் தண்ணீர் மட்டம் ஒன்றுதான். பக்கத்துப் பாத்தியின் மட்டம் குறைவாக இருந்து, நடுவில் மடையைத் திறந்தால், தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இரண்டு மட்டமும் சமமானால் மடை திறந்தே கிடந்தாலும் ஓடாது. மடை அகலமாக இருந்தால் நிறைய ஓடும், குறுகலாக இருந்தால் கொஞ்சம்தான் ஓடும். பள்ளத்துக்கு வந்த தண்ணீரை மறுபடியும் மேட்டுப் பாத்திக்கு ஏற்ற ஒரு மோட்டார் வேண்டும்.

இனி சர்க்யூட்டுக்கு வாருங்கள். அந்த மட்டம்தான் வோல்டேஜ். ஓடும் தண்ணீரின் அளவுதான் கரண்ட். குறுகலான மடைதான் ரெசிஸ்டர். அது எவ்வளவு குறுகல் என்பதை ஓம் என்ற அலகில் சொல்கிறோம், ஓம் கூடக்கூடக் கரண்ட் குறையும். மோட்டார்தான் பேட்டரி. பிரெட்போர்டின் 5 ஓட்டைத் தகடுதான் பாத்தி. தகட்டில் எந்த ஓட்டையில் அளந்தாலும் வோல்டேஜ் ஒன்றாகவே இருக்கும். இப்படி ஒரே வோல்டேஜில் இருக்கும் இணைப்பு முழுவதையும் சந்தி என்கிறோம். இரண்டு தகடுகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் அவை இரண்டும் சேர்ந்து ஒரே சந்தி.

இந்த ஒப்பீடு ஓரிடத்தில் உடையும். வரப்பு உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தால் கரண்ட் வெளியே கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். சர்க்யூட் என்பது முழு வட்டமாக இருந்தே ஆக வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு விதி பாக்கி. ஒரு பாத்தியின் மட்டம் ஏறாமல் இறங்காமல் நின்றால் உள்ளே வரும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் சமம் என்று அர்த்தம். மின்சாரத்தில் இதைக் கிர்க்காஃப் மின்னோட்ட விதி என்று பிளஸ் டூ இயற்பியலில் படிப்போம். ஒரு சந்திக்குள் வரும் கரண்ட் எவ்வளவோ, வெளியே போகும் கரண்டும் அவ்வளவே. குஸ்தாவ் கிர்க்காஃப் இதை 1845-ல், மாணவராக இருந்தபோதே, 21 வயதில் சொன்னார். வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் மூன்றுக்கும் உள்ள உறவை ஓம் அதற்கு முன்பே 1827-ல் வெளியிட்டிருந்தார். இன்று நம் திரையில் ஓடும் சிமுலேட்டருக்கு அடித்தளம் இந்த இரண்டும்தான்.

இதுவரை பார்த்தது: தகடு என்பது சந்தி, சந்திக்கு ஒரு வோல்டேஜ், சந்திகளுக்கு நடுவே உதிரிப்பாகங்கள், ஒவ்வொரு சந்தியிலும் வரவும் செலவும் சமம்.

சிமுலேட்டர் போடும் கணக்கு

திரையில் 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. மூன்றையும் வட்டமாக இணைக்கிறீர்கள். எல்.இ.டி. என்பது ஒரு திசையில் மட்டும் கரண்டை விட்டு, விடும்போது ஒளிரும் சிறு விளக்கு.

நீங்கள் பார்ப்பது வண்ண வண்ணக் கம்பிகள். சிமுலேட்டர் தனக்குள் எழுதி வைப்பது மூன்றே வரிகள்: பேட்டரி, சந்தி 1-க்கும் சந்தி 0-க்கும் நடுவே. ரெசிஸ்டர், 1-க்கும் 2-க்கும் நடுவே. எல்.இ.டி., 2-க்கும் 0-க்கும் நடுவே. கம்பி எவ்வளவு நீளம், என்ன நிறம், எந்த வளைவில் போகிறது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. அவை நம் கண்ணுக்காக.

சந்தி 0 என்பது தரை மட்டம், 0 வோல்ட். சந்தி 1-ல் பேட்டரியின் 9 வோல்ட். தெரியாதது சந்தி 2 மட்டும். அதைக் கண்டுபிடிக்க சிமுலேட்டர் ஊகித்துப் பார்த்துத் திருத்துகிறது. எப்படி என்று நாமே செய்து பார்க்கலாம்.

முதல் ஊகம் 1 வோல்ட் என்று வைப்போம். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே 8 வோல்ட் வித்தியாசம். 8-ஐ 470-ஆல் வகுத்தால் 0.017 ஆம்பியர், அதாவது 17 மில்லிஆம்பியர் சந்திக்குள் வருகிறது. ஆனால் சிவப்பு எல்.இ.டி. 1 வோல்டில் கரண்டை ஏறக்குறைய விடவே விடாது. வரவு 17, செலவு பூஜ்யம். கணக்கு உதைக்கிறது, மட்டம் இன்னும் மேலே இருக்க வேண்டும்.

சரி, 3 வோல்ட் என்று வைப்போம். வித்தியாசம் 6 வோல்ட், வரவு 12.8 மில்லிஆம்பியர். எல்.இ.டி.யோ 3 வோல்ட் கொடுத்தால் அதைப்போலப் பல மடங்கு கரண்டை விட்டுவிடும். இப்போது செலவு கூடிவிட்டது. மட்டத்தை இறக்க வேண்டும்.

2 வோல்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் 7 வோல்ட். 7-ஐ 470-ஆல் வகுத்தால் 14.9 மில்லிஆம்பியர். எல்.இ.டி.யும் அந்த வோல்டேஜில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் விடும். வரவும் செலவும் ஒத்துப்போகின்றன. விடை கிடைத்துவிட்டது, திரையில் எல்.இ.டி. எரிகிறது.

சந்தி நூறு இருந்தாலும் வேலை இதேதான், நூறு ஊகங்களையும் ஒன்றாக வைத்துத் திருத்த வேண்டும். மனிதருக்கு அது நாள் கணக்கில் ஆகும் வேலை. கம்ப்யூட்டருக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும்.

எல்.இ.டி. 1 வோல்டில் விடாது, 3 வோல்டில் அள்ளி விடும் என்பது சிமுலேட்டருக்கு எப்படித் தெரியும்? அதை எழுதியவர்கள் ஒரு சூத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு உதிரிப்பாகம் எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் விடும் என்று சொல்லும் அந்தச் சூத்திரத்துக்கு மாடல் என்று பெயர். கட்டுரையின் மீதி முழுவதும் இதைச் சுற்றித்தான் வரப்போகிறது. மாடலில் எழுதப்பட்டிருப்பது திரையில் நடக்கும். எழுதப்படாதது எதுவும் நடக்காது.

கெப்பாசிட்டர் வந்தால் நேரமும் கணக்கில் சேரும். கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 9 வோல்டில் ஏற்றினால், 10 வினாடியில் அது 63 சதவீதம், அதாவது சுமார் 5.7 வோல்டை எட்டும். சிமுலேட்டர் அந்த 10 வினாடியைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கைப் புதிதாகப் போடுகிறது. நிறையப் பாகங்கள் உள்ள சர்க்யூட் திரையில் மெதுவாக நகர்வதற்குக் காரணம் இதுதான். நெட் ஸ்லோ என்று திட்ட வேண்டாம்.

விளையாட்டுப் பொருளாகப் பிறந்ததல்ல

"வீடியோ கேம்" என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ல் ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டர் வெளிவந்தது. அதை எழுதியவர் லாரன்ஸ் நேகல், வழிகாட்டியவர் பேராசிரியர் டொனால்டு பெடர்சன். ஐ.சி. தயாரிப்பவர்களுக்கு அப்போது ஒரு சிக்கல். ஐ.சி.க்குள் இருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர்களை (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் பாகங்களை) பிரெட்போர்டில் போட்டுப் பார்க்க வழியில்லை. வெளியே தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்துச் செய்தால் அவை அதேபோல நடந்துகொள்ளாது. தயாரித்த பிறகு தப்பு தெரிந்தால் பிடுங்கிச் செருகவும் முடியாது. அதனால் முதலிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது கட்டாயமானது. உங்கள் கையில் உள்ள போனின் சிப் வரை எல்லாமே சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகு தயாரானவைதான்.

எல்லா சிமுலேட்டரும் ஒரே வேலையைச் செய்வதில்லை

ஊரில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதிக்குக் காரணம், வெவ்வேறு பொருளுக்கு ஒரே பெயரைச் சொல்வதுதான்.

டிங்கர்கேட் என்ற ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இலவசத் தளத்தில் பிரெட்போர்டு படம் அசலைப் போலவே இருக்கும். மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கை அது போடுகிறது. ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை 9 வோல்டில் மாட்டினால் எல்.இ.டி. மேல் வெடித்தது போன்ற குறி வரும். வோல்டேஜ், கரண்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரும் உள்ளேயே உண்டு. முதல் முறை தொடுபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பால் ஃபால்ஸ்டாட் எழுதிய சர்க்யூட் சிமுலேட்டரில் பிரெட்போர்டு இருக்காது, சர்க்யூட் வரைபடம் மட்டும்தான். ஆனால் கரண்ட் மஞ்சள் புள்ளிகளாகக் கம்பியில் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். கரண்ட் கூடினால் புள்ளிகள் வேகமாக ஓடும். கற்றுக்கொடுப்பதில் இதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம்.

வோக்வி வேறு வகை. ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி.32 போன்ற நிரல் எழுதி ஓட்டும் போர்டுகளுக்கானது அது. நீங்கள் எழுதிய நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வோல்டேஜ், கரண்ட் கணக்கை அது ஆழமாகப் போடாது. அதில் எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் போடாவிட்டாலும் சாதுவாக எரியும். "சார், ரெசிஸ்டர் இல்லாமலே எரியுதே, அப்புறம் எதுக்கு அது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வியில் தப்பில்லை. அந்தக் கணக்கைப் போடாத இடத்தில் அதற்கான விடையைத் தேடியதுதான் சிக்கல். அதை நம்பி அசல் ஆர்டுயினோவில் ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் எல்.இ.டி.யும் போகலாம், போர்டின் அந்தக் காலும் போகலாம்.

கல்லூரி அளவில் படிப்பவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸீ திட்டம் உருவாக்கிய ஈசிம் இருக்கிறது. இலவசம், கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ள வேண்டும். உள்ளே ஸ்பைஸ் வழியில் வந்த கணக்குதான் ஓடுகிறது. புதியவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, ஒரு சிமுலேட்டரைத் திறந்ததும் முதலில் ரெசிஸ்டர் இல்லாமல் ஒரு எல்.இ.டி.யை மாட்டிப் பாருங்கள். அது கரண்டைக் கணக்கிடும் வகையா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கற்பவருக்கு இதில் என்ன லாபம்?

செலவு மிச்சம் என்பதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். எல்.இ.டி. ஓரிரு ரூபாய்தான், ரெசிஸ்டர் அதைவிடக் குறைவு. செலவு சாமானில் இல்லை, சாமான் இருக்கும் இடத்துக்குப் போவதில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்தில் டி.வி. மெக்கானிக் கடைகளில் பொதுவான பாகங்கள் கிடைக்கும். கொஞ்சம் விசேஷமான ஐ.சி. என்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு ஐ.சி. கருகினால் பாடம் ஒரு வாரம் நின்றுபோகும். திரையில் கருகினால் அடுத்த வினாடி புதிது.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய லாபம் வேறு. அசல் போர்டில் கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி. எரியவில்லை என்றால் எரியவில்லை, அவ்வளவுதான். திருப்பி மாட்டியிருக்கிறோமா, தகடு மாறிவிட்டதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. முதல் வாரத்திலேயே பலர் விட்டுவிட்டுப் போவது இங்கேதான். சிமுலேட்டரில் தகடும் பேட்டரியும் பழுதாகாது. எரியவில்லை என்றால் தப்பு நம் இணைப்பில்தான். தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. புதியவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, வேண்டுமென்றே தப்பு செய்து பார்க்கும் சுதந்திரம். 470 ஓமை எடுத்துவிட்டு 4700 ஓம் போடுங்கள், 1.5 மில்லிஆம்பியர்தான் வரும், எல்.இ.டி. மங்கும். 47 ஓம் போடுங்கள். ஏறக்குறைய 149 மில்லிஆம்பியர், சாதாரண எல்.இ.டி. தாங்கும் 20 மில்லிஆம்பியரைப்போல ஏழு மடங்குக்கும் மேல். ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதாமல் அழுத்தினால் வேடிக்கை பார்த்ததாகத்தான் ஆகும். எழுதிவிட்டு அழுத்தினால் நம் ஊகம் ஏன் பிசகியது என்ற கேள்வி மனதில் உட்கார்ந்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரில் ஒரு சர்க்யூட்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் ஒன்று, தொட்டி நிரம்பினால் விளக்கு எரியும் அலாரம். சிமுலேட்டர் எது வரை கைகொடுக்கும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சர்க்யூட் எனக்குத் தெரிந்து இல்லை.

சர்க்யூட் எளிது. தொட்டியின் மேல்மட்டத்தில் இரண்டு செம்புக் கம்பி முனைகள். தண்ணீர் இரண்டையும் தொட்டால் அதன் வழியாகத் துளியூண்டு கரண்ட் ஓடும். அது 10,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக பி.சி.547 என்ற டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற காலுக்குப் போகும். டிரான்சிஸ்டர் என்பது ஒரு காலில் நுழையும் சிறு கரண்டைக்கொண்டு இன்னொரு காலில் பெரிய கரண்டைத் திறந்துவிடும் பொருள். எத்தனை மடங்கு என்பதற்குக் கெயின் என்று பெயர். திறந்துவிடப்பட்ட கரண்டில் 470 ஓம் ரெசிஸ்டரோடு எல்.இ.டி. எரியும்.

திரையில் தண்ணீர் கிடையாது. அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரைப் போட வேண்டும். எத்தனை ஓம்? அங்கேதான் பாடமே தொடங்குகிறது. 1,000 ஓம் போட்டால் எரிகிறது. 20,000 போட்டாலும் எரிகிறது. கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மங்கத் தொடங்கும். அந்த இடத்தைத் தாளிலும் கணக்கிடலாம். எல்.இ.டி.க்கு 15 மில்லிஆம்பியர் வேண்டும். கெயின் 100 என்றால் பேஸுக்கு 0.15 மில்லிஆம்பியர் போதும். பேட்டரியின் 9 வோல்டில் பேஸுக்கு 0.7 போக மீதி 8.3 வோல்ட். அதை 0.15 மில்லிஆம்பியரால் வகுத்தால் சுமார் 55,000 ஓம். ஏற்கெனவே உள்ள 10,000 போக, தண்ணீருக்கு 45,000 ஓம் வரை இடம் இருக்கிறது. அசல் தண்ணீரில் இப்படி ஓமைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியுமா? திரையில் எண்ணை மாற்றினால் போதும்.

இப்போது அதே சர்க்யூட்டை அசலில் கட்டுங்கள். முதல் ஆச்சரியம், 45,000 ஓமுக்கு மேலும் அது எரியும். பி.சி.547-ன் கெயின் 100-க்கு மேல்தான் இருக்கும். வகையைப் பொறுத்து 200, 300 கூட வரும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு டிரான்சிஸ்டர்கள்கூட ஒத்துப்போகாது. சிமுலேட்டரின் மாடலில் யாரோ ஒரு எண்ணை எழுதி வைத்திருப்பார்கள், அத்தனை டிரான்சிஸ்டருக்கும் அதே எண்தான்.

இரண்டாவது, தண்ணீர். கடற்கரையோரக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். கடல்நீர், குடிக்கிற தண்ணீரைவிட நூறு மடங்கு அளவில் கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும். கிணற்று நீர் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ, ஊருக்கு ஊர் வேறுபடும். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் டம்ளர் தண்ணீரில் வைத்து ஓம் அளந்து பாருங்கள். எண் ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். முனைகளின் மேல் வேதிவினை நடந்து, அளக்கிற பொருளே மாறிக்கொண்டிருப்பதால் அப்படி. ரெசிஸ்டர் அப்படிச் செய்யாது.

மூன்றாவது சில நாளில் தெரியும். செம்பு முனைகளில் ஒன்று பச்சை பிடித்து அரித்துப்போயிருக்கும். கரண்ட் ஒரே திசையில் ஓடுவதால் பிளஸ் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது. திரையில் அந்த அலாரம் ஒரு வருடம் ஓடினாலும் முதல் நாள் போலவே இருக்கும். தண்ணீரையும் செம்பையும் நாம் ஒரு ரெசிஸ்டராகச் சுருக்கிவிட்டோமே!

அப்படியானால் சிமுலேட்டர் பொய் சொன்னதா? இல்லை. நாம் கேட்டதற்கு அது சரியான விடையைத்தான் கொடுத்தது. சர்க்யூட் வேலை செய்யும் என்றது, செய்கிறது. எத்தனை ஓம் வரை தாங்கும் என்றது, அதற்குக் குறையாமல் தாங்குகிறது. செம்பு கரையுமா என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை.

கணக்கில் வராத உப்புக்காற்று

படகு வயரிங் அண்ணன்மார் சொல்வதில் உள்ள உண்மை இங்கே இருக்கிறது. வயர்லெஸ் செட் வேலை செய்யவில்லை என்று வந்தால் அவர்கள் முதலில் செட்டைத் திறப்பதில்லை. பேட்டரி டெர்மினலைப் பார்ப்பார்கள், ஆண்டெனா வயர் மாட்டும் இடத்தைப் பார்ப்பார்கள். களிம்பைச் சுரண்டி, டெர்மினலில் கிரீஸ் தடவி மாட்டினால் பல சமயம் செட் பேசத் தொடங்கிவிடும். கடற்கரையில் பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான் ஒளிந்திருக்கும்.

பிரெட்போர்டுக்கும் இதே கதிதான். திறந்த ஜன்னலோரம் சில மாதம் கிடந்த போர்டை உற்றுப் பாருங்கள். ஓட்டைக்குள் தகட்டின் பளபளப்பு போய் மங்கியிருக்கும். ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்திருக்கும். ரெசிஸ்டரின் கால்கள் கறுத்திருக்கும். சர்க்யூட் முழுக்கச் சரி, ஆனால் கம்பியை லேசாக அசைத்தால் எரிகிறது, கையை எடுத்தால் அணைகிறது. இணைப்பு என்றாலே பூஜ்ய ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுகிற சிமுலேட்டரில் இந்தப் பழுது வரவே வராது. அதனால் இதைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் அங்கே வராது.

சூடும் அப்படித்தான். 9 வோல்டில் 100 ஓம் ரெசிஸ்டரை நேராக மாட்டினால் 0.81 வாட் அதில் வெப்பமாக மாறும். நாம் பொதுவாக வாங்கும் ரெசிஸ்டர் கால் வாட் (0.25 வாட்) தாங்கும். தொட்டால் விரல் சுடும், வாடை வரும். எளிய சிமுலேட்டர்கள் பலவற்றில் கரண்ட் எண் மட்டும் அமைதியாக நிற்கும்.

பேட்டரியிலும் ஒரு வேடிக்கை. பித்தான் போன்ற 3 வோல்ட் செல்லில் ரெசிஸ்டர் இல்லாமலே சிவப்பு எல்.இ.டி.யை மாட்டினால் அசலில் எரியும், கருகாது. அந்தச் சின்ன செல்லுக்குள்ளேயே தடை இருப்பதால் அதனால் நிறையக் கரண்ட் கொடுக்க முடியாது. உள்தடையே இல்லாத பேட்டரியாக வைத்துக் கணக்கிடும் சிமுலேட்டர் இதே சர்க்யூட்டில் எல்.இ.டி. கருகும் என்று சொல்லும். ஆகவே திரையில் எரிந்தது அசலில் கருகுவதும் உண்டு, திரையில் கருகியது அசலில் எரிவதும் உண்டு.

சுருங்கச் சொன்னால்: இணைப்பும் வரவு செலவுக் கணக்கும் திரையில் கற்கலாம். களிம்பு, சூடு, பாகத்துக்குப் பாகம் உள்ள வேறுபாடு ஆகிய மூன்றும் மேஜை மேல்தான்.

எப்படித் தொடங்குவது?

திரையில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நீண்ட நாள் தங்க வேண்டாம். எல்.இ.டி., ரெசிஸ்டர், பட்டன், கெப்பாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர் ஆகியவற்றை ஊகம் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டால் அசல் போர்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டையும் இரண்டு இடத்திலும் செய்யுங்கள். நோட்டில் மூன்று நெடுவரிசை போட்டு, நம் ஊகம், திரை சொன்னது, மல்டிமீட்டர் சொன்னது என்று எழுதுங்கள். 470 ஓம் சர்க்யூட்டில் ஊகம் 14.9, மீட்டர் 14.3 என்று வந்தால் பதற வேண்டாம். ரெசிஸ்டரில் தங்க நிற வளையம் இருந்தால் அதன் மதிப்பு 5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். 9 வோல்ட் பேட்டரியும் சரியாக 9 வோல்டில் நிற்பதில்லை. மீட்டர் 6 காட்டினால்தான் எழுந்து உட்கார்ந்து தேட வேண்டும்.

போன் மட்டும் உள்ள வீடுகள் நம் பக்கம் நிறைய. சிறு திரையில் விரலால் கம்பி இழுத்து 5 ஓட்டையில் சரியான ஓட்டையில் விடுவது பொறுமையைச் சோதிக்கும். அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேபில் உள்ள கம்ப்யூட்டர் இதற்குத் தாராளமாகப் போதும்; ஆசிரியரிடம் கேட்டு வாரத்தில் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அசலில் வாங்க வேண்டியது அதிகமில்லை. ஒரு பிரெட்போர்டு, ஜம்பர் வயர், 220, 470, 1,000, 10,000 ஓம் ரெசிஸ்டர்கள் கொஞ்சம், எல்.இ.டி.கள், பி.சி.547 நாலைந்து, இவற்றோடு மறக்காமல் ஒரு மல்டிமீட்டர். காசு குறைவாக இருந்தால் மற்றதைக் குறைத்துக்கொண்டு மீட்டரை வாங்குங்கள். நீளமான போர்டு வாங்கினால் ஓரத்துச் சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் அடியில் தகடும் அங்கே துண்டாகியிருக்கும், ஒரு கம்பி போட்டு இணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டையும் பாகங்களையும் ஜிப் கவரில் போட்டு, மருந்து டப்பாவிலோ செருப்புப் பெட்டியிலோ வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் மூடுங்கள். கடற்கரையில் போர்டு நாள்பட உழைக்க இது அவசியம்.